அக்காவின் ரத்தப் பரிசோதனை

அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவைத் தங்கையிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஒரகடத்திலிருந்து அவள் இருந்த சேரப்பணஞ்சேரிக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம்கூட ஆகாது. இதில் கூடுதல் வெட்கம், நான் அப்போது கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் இருந்தேன். ஒரு பாகத்தில் கோளாறு தெரிந்தால், அதே லாட்டில், அதாவது ஒரே தொகுப்பில், வந்த மற்றவை எங்கெங்கே போயின என்று தேடி, ஷிஃப்ட் முடிவதற்குள் தகவல் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அம்மா மார்பகப் புற்றுநோயில் போனவள். பிறகு அக்காவுக்கும் அதே நோய். அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர், பரம்பரையாக வரும் மரபணுக் குறையா என்று ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். ஆமாம் என்று வந்தது. கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், சொல்லிவிடுங்கள் என்றார். அக்கா அந்தக் காகிதத்தின் நகலை என்னிடம் கொடுத்து, "நீதான் பக்குவமா பேசுவ" என்றாள். என்னை இவ்வளவு தவறாக எடைபோட்டவர் வேறு யாருமில்லை.

தங்கை மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டினால்? ஞாயிறுதோறும் போவேன். மீன்குழம்பு சாப்பிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவேன். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்த பாஷையில், ஒரே அச்சு, ஒரே லாட் என்று.

"இன்னாண்ணா, என்னிய டிபெக்ட் பீஸுன்றியா?" என்று தங்கை சிரித்தாள். பிறகு காகிதத்தில் தேதியைப் பார்த்தாள்.

"மூணு மாசமா இத வெச்சிக்கினா இங்க வந்து சாப்ட்டுக்கினு இருந்த?"

"பொண்ணு கல்யாணம்…"

"அவ கல்யாணத்துக்கு நா இருக்க வேணாவா?"

அவளே அடுத்ததையும் கேட்டாள்: "சரி, நீ டெஸ்ட் எடுத்தியா?"

"எனக்கெதுக்கு? இது பொம்பளைங்க சமாச்சாரம்."

"உனக்கு மட்டும் வேற அம்மாவா?"

டாக்டரிடம் விசாரித்தேன். ஆணுக்கும் அந்தக் குறை இருக்கலாம், அவன் பிள்ளைகளுக்கும் போகலாம் என்றார். எனக்கு இரண்டு பெண்கள். மூன்று மாதமும் என்னைத் தபால்காரனாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமே இருவரும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறிச் சென்னை போய் ரத்தம் கொடுத்தோம். முடிவு வர நாளாகும், வாங்க ஒருவர் வந்தால் போதும் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"என் பேரப் போட்டுக்கோம்மா. இவுரு கையில குடுத்தா, பேரன் பேத்தி எடுத்தப்புறம்தான் பொண்ணுங்களாண்ட சொல்லுவாரு."