கொடுக்காமல் வந்த மிஷின்

வெற்றிலை வாடிவிடக் கூடாதென்று ஈரத்துணியில் சுற்றி, அதற்கு மேல் வாழைமட்டை வைத்துக் கட்டி, சிவகாசியிலிருந்து ஜெர்மனி வரைக்கும் பெட்டியில் கொண்டுபோனவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூடிப்போன ஓர் அச்சகத்தின் பெரிய கூடத்தில், எவர்சில்வர் தட்டில் அந்த வெற்றிலையும் பாக்கும் எலுமிச்சம்பழமும் வைத்து நீட்டிக்கொண்டு நின்றேன். எதிரே நின்ற ஃபோர்மேன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேன்ட் பைக்குள் விட்டிருந்த கைகளை அவர் வெளியே எடுக்கவில்லை.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின்களைப் பராமரிக்கிறவன். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள், காலண்டர் எல்லாம் எங்களிடம் ஓடும். வெளிநாட்டில் யாரோ ஓட்டி விற்ற மிஷினை வாங்கி ஓட்டுவது எங்கள் ஊரில் சாதாரணம். ஆனால் எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு அதில் ஒரு பிடிவாதம் உண்டு. நொடித்துப்போன இடத்திலிருந்து மிஷின் வாங்கினால், கொடுப்பவர் மனசாரக் கொடுக்க வேண்டும். அந்த மிஷினுக்குரிய ஸ்பேனர் ஒன்றைத் தாம்பூலத் தட்டில் வைத்து, “நல்லா இருங்க” என்று சொல்லித் தன் கையால் தர வேண்டும். இல்லாவிட்டால் அழுத கண்ணீரும் கூடவே லாரியில் ஏறி வந்துவிடும் என்பார். சாத்தூரில் ஒருவரிடம் கட்டிங் மிஷின் வாங்கியபோதும் அப்படித்தான் நடந்தது.

ஜெர்மனியில் விற்பது திவாலைக் கவனிக்க வந்த ஒரு வக்கீல், அவர் மிஷினைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். “வக்கீல் கையி நமக்கு எதுக்குலே? அத ஓட்டுனவன் கையி வேணும். கேட்டு வாங்கிட்டு வா” என்று முடித்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டேதான் வெற்றிலையைக் கட்டினேன்.

மிஷினைக் கழற்றி கன்டெய்னரில் ஏற்றும் வரைக்கும் மட்டும் அந்த ஃபோர்மேனை வேலையில் வைத்திருந்தார்கள். ஆயுசில் பெரும்பகுதியை அந்த ஒரு மிஷினோடு கழித்தவர். ஏறி நிற்கும் இரும்புப் படியின் இடது மூலை அவருடைய பூட்ஸ் பட்டே தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவருடைய ஆங்கிலம் என் ஆங்கிலத்தைப் போலவே நொண்டும் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. காபி குடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கிழக்கே போர் தொடங்கியதும் கேஸ் விலையும் கரண்டு பில்லும் ஏறின. வேலை நேரத்தைக் குறைத்து, குறைகிற சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே கொடுக்கிற ஏற்பாடு ஒன்று அங்கே உண்டாம். அதில் கொஞ்ச காலம் மூச்சு விட்டிருக்கிறார்கள். அதற்குள் அவர்களுடைய பெரிய ஆர்டர், எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில் ஒரு புது அச்சகத்துக்குப் போய்விட்டது. அங்கே கூலி குறைவு. அந்த அச்சகம் எழும்பியதே ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கொடுத்த உதவிப் பணத்தில்தான், அதில் தன்னுடைய வரியும் இருந்திருக்கும் என்றார். நடுவில் செக்போஸ்ட்கூடக் கிடையாது. ஒரே கொடி, ஒரே சந்தை. “அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அங்கே காகிதம் ஏற்றிப் போகிற லாரியை ஓட்டுவது என் மச்சான்தான்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புது வேலைக்கு யாரும் கூப்பிடாத வயசு, பென்ஷனுக்கும் எட்டாத வயசு. டிவியில் மந்திரிகள் போட்டி, சீர்திருத்தம், சிக்கனம் என்று பேசும்போதெல்லாம் அவருடைய மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம்.

இவ்வளவும் கேட்ட பிறகுதான் கடைசி நாளில் அந்தத் தட்டை நீட்டினேன். எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவர் கேலி செய்யவில்லை. நிதானமாகச் சொன்னார்: “விலை கொடுத்துவிட்டீர்கள், எடுத்துப் போங்கள். ஆனால் நீங்கள் மனசைக் கேட்கிறீர்கள். விற்கும்போது யாரும் என் மனசைக் கேட்கவில்லை. இப்போது கேட்டால் பொய்தான் சொல்ல வேண்டும்.” பிறகு போய் என்னோடு சிவகாசியிலிருந்து வந்திருந்த பையன்களோடு சேர்ந்து கடைசி போல்ட்டுகளைக் கழற்றினார். ஒரு பாகத்தில்கூடக் கீறல் விழவிடவில்லை. வெற்றிலையை அந்தக் கூடத்தின் ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

போனில் அண்ணாச்சியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். “பொய் சொல்லாத மனுசனால்லா இருக்கான். மிஷின மாட்டிக் குடுக்க அவனையே இங்கன வரச்சொல்லு. ஓட்டிப் பாத்தா மனசு மாறும்” என்றார்.

வந்தார். பங்குனி வெயிலில் தக்காளிப் பழமாகச் சிவந்துபோய் மிஷினை மாட்டினார். எங்கள் பையன்கள் “சார், சாப்பிட்டீகளா?” என்று கேட்பதற்குத் தலையாட்டப் பழகிக்கொண்டார். ஒருநாள், மிஷின் ஓட்டப்போகும் பையனுக்கு என்ன சம்பளம் என்று கேட்டார். சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்படியானால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் இனிமேல் பயப்பட வேண்டியதுதான்” என்றார். எங்கள் காலண்டர் ஆர்டர்களில் சில ஏற்கெனவே எங்களைவிட மலிவான இடங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தன. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மிஷின் ஓடத் தொடங்கிய நாளில் இருக்கன்குடி கோயில் குங்குமம் பூசி, மாலை போட்டு, பச்சைப் பட்டனை அவரையே அமுக்கச் சொன்னார் அண்ணாச்சி. அமுக்கினார். பட்டாசுப் பெட்டித் தாள்கள் சரசரவென்று வந்து விழுந்தன. ஸ்பேனரை வைத்துத் தரச்சொல்லி அண்ணாச்சி தாம்பூலத் தட்டை நீட்டினார். ஃபோர்மேன் இரண்டு கைகளையும் கூப்பி அவரை வணங்கினார், தட்டைத் தொடவில்லை. அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

ஃபோர்மேன் ஊருக்குப் போன சில மாதங்களில் அவரிடமிருந்து போன் வரத் தொடங்கியது. முதலில் பேரிங் எப்படி இருக்கிறது, கிரீஸ் வைத்தீர்களா என்று விசாரிப்பார். அப்புறம் விசாரணையெல்லாம் நின்றுவிட்டது. போனை மிஷின் பக்கத்தில் பிடிக்கச் சொல்வார், அவ்வளவுதான். அந்தப் பழைய கூடம் இப்போது பார்சல் கிடங்காம். அதிலேயே பெட்டி தூக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், மிஷின் இருந்த இடத்தில் நின்று போனை ஸ்பீக்கரில் போட்டு ஒலியை முழுதாகக் கூட்டி வைத்துக் கேட்கிறாராம். அங்கே மதியம் என்றால் எங்களுக்கு டீ நேரம். நாலைந்து பேர் வடையும் கையுமாக என்னை வேடிக்கை பார்ப்பார்கள்.

போன வாரம் அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

“யாருலே லைன்ல? மிஷினுக்கிட்ட போனக் காட்டிக்கிட்டு நிக்க?”

“ஜெர்மன்காரருதான் அண்ணாச்சி. சத்தம் கேக்கணும்னாரு.”

போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, அச்சு பிளேட் மாற்றுவதற்காகப் பையன் மிஷினை நிறுத்தினான். எங்கள் கூடம் அமைதியானது. ஆனால் அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நானும் குனிந்து கேட்டேன். இங்கே நின்றுவிட்ட மிஷின் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அந்தப் பெரிய கூடத்தின் சுவர்களில் மோதிச் சுற்றி, ஒரு கணம் பிந்தித்தான் அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு மனிதர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அண்ணாச்சி பையனைப் பார்த்தார்.

“பிளேட்டு அப்புறம் மாத்திக்கலாம். ஓடவிடுலே” என்றார். “அவுக கேட்டுக்கிட்டிருக்காக.”