அழ இடம் கொடுத்தவர்

கலைவாணி மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி ஆசிரியர் அறைக்கு வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். விருதுநகர் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தவர் எழவேயில்லையாம். உடனே கணக்கு ஆசிரியர் சொன்னார்: "அப்ப வியாழக்கிழமை கவுன்சலிங் பீரியட எனக்குக் குடுத்துருங்க. போர்ஷன் அம்புட்டுக் கெடக்கு." தலைமையாசிரியர் தலையாட்டினார். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி ஆமத்தூர்ப் பக்கம். பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக மேடம் சேர்ந்த அன்று இதே கணக்கு ஆசிரியர், "இங்கன பைத்தியம் யாரும் இல்லையே, தப்பா வந்துட்டீகளோ?" என்று கிண்டலடித்தார். "தெரியும் சார். பேச ஆளில்லாத பிள்ளைக இருக்காகள்ல, அவுகளுக்காக வந்திருக்கேன்," என்றார் மேடம்.

சென்ற ஆண்டு ஒரு வெடிவிபத்தில் பத்தாம் வகுப்பு முத்துமாரியின் அம்மா இறந்தார். காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த பிள்ளையிடம் ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள்: "அழக்கூடாது. நீதான் தம்பியப் பாத்துக்கணும்." அவளும் அழவில்லை. பேச்சும் நின்றுபோனது. "தைரியமான பிள்ளை" என்று பாராட்டு வேறு. "அது தைரியம் இல்ல. அவளை அழ விடுங்க," என்று மேடம் ஒருவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆண்டுவிழா வந்தது. எங்கள் பக்கம் விருந்தினரைச் சரவெடி இல்லாமல் வரவேற்றால் அவமரியாதை. "இந்த வருசம் வேண்டாம் சார், அந்தப் பிள்ளை தாங்காது," என்று மேடம் கெஞ்சினார். "வெடி போடாட்டி ஊரு சிரிக்கும்," என்றார் தலைமையாசிரியர்.

வெடித்தார்கள். முத்துமாரி காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் சுருண்டாள். "நடிக்காதே, எந்திரி!" என்று ஒரு ஆசிரியை அதட்டினார். மேடம் பட்டுச்சேலையோடு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சத்தம் நின்னுருச்சு. நீ பேசாட்டியும் பரவாயில்ல. நான் இங்கனதான் இருக்கேன்."

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "எங்கம்மாவுக்கு இந்தச் சத்தம் கேட்டுருக்குமா மேடம்?"

வேறு யாராக இருந்தாலும், அதையெல்லாம் நினைக்காதே என்றிருப்பார்கள். மேடம், "எனக்குத் தெரியலம்மா. மனசுல அதுதான் ஓடிக்கிட்டே இருக்கா?" என்றார். அன்றுதான் முத்துமாரி அழுதாள்.

அதன்பின் வியாழன்தோறும் இருவரும் பேசினார்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று துருவியவர்களிடம், "அது அவளுக்குச் சொந்தம் சார்," என்று மேடம் முடித்துவிடுவார். அவளுடைய அப்பாவை வரவழைத்து, "நீங்களும் அவ முன்னால அழலாம்," என்றார். மெல்ல மெல்ல அவளுக்குப் பேச்சு திரும்பியது.

மேடத்தின் சொந்த ஊரான மல்லாங்கிணற்றில் இறுதி ஊர்வலம். உறவினர்கள் வழக்கப்படி பாடைக்கு முன்னால் சரவெடியை விரித்தார்கள். முத்துமாரி கூட்டத்தை விலக்கி, தீப்பெட்டியோடு நின்ற பெரியவரிடம் போனாள். "ஐயா, பத்த வைக்காதீக. எனக்கு வெடின்னா பயம். தெருமுனை வரைக்கும் நான் மேடத்தோட நடக்கணும்."

பெரியவர் சரத்தைச் சுருட்டினார். ஊர் சிரிக்கவில்லை.

மாலையோடு நின்ற தலைமையாசிரியரிடம், "இன்னொரு ஆலோசகர் வரணும் சார். அதுவரைக்கும் அந்தப் பீரியடில் யாரும் கணக்கு நடத்தக் கூடாது," என்றேன். "இங்கன வச்சா இதைப் பேசுறது டீச்சர்?" என்றார். வேறெங்கே பேசுவது?

பாடை நகர்ந்தது. முத்துமாரி வாய்விட்டு அழுதுகொண்டே பின்னால் நடந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

போய் வாருங்கள், மேடம்.