என் கடைக்கும் ஒரு பிரதி

ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. போனில் இருப்பதைப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களை என் நம்பருக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். "உங்க விஷயம் என் போன்ல எதுக்குங்க? ஸ்கிரீன்ல இருக்குற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, உங்க மெசேஜ் ஆப் இங்கயே திறக்கும்" என்பேன். அதோடு விட மாட்டேன். என்க்ரிப்ஷன் பற்றி ஒரு பிரசங்கம் உண்டு: அனுப்புகிறவர் போனில் பூட்டியது பெறுகிறவரிடம்தான் திறக்கும், நடுவில் கம்பெனிக்காரனாலும் படிக்க முடியாது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

போன வருடம் ஒரு காலை, நிர்மலா டீச்சர் அப்படி ஸ்கேன் செய்து ஒரு மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்தார். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். கடையில் கூட்டம். லாக் அவுட் செய்யாமலே அடுத்தவர் வேலையைத் திறந்தேன்.

மதியம் அவர் கணவர் ஆரோக்கியராஜ் வந்தார், மகனுடைய ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை ஆன்லைனில் போட. "பேரு சரியா இருக்கா பாருங்க சார்" என்று மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். மூலையில் ஒரு நோட்டிபிகேஷன் வந்து நின்றது. அனுப்பியவர் டீச்சரின் தங்கை. 'அக்கா, கட்டி இருக்குன்னு மாமாகிட்ட சொல்லிட்டியா? ஆப்பரேஷனுக்கு அவர் கையெழுத்து வேணுமாம்.'

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்படிங்க உங்க கம்ப்யூட்டருக்கு வருது?" என்றார்.

பதில் எனக்குத் தெரியும். ஸ்கேன் செய்ததுமே என் கம்ப்யூட்டரும் டீச்சருடைய கருவிகளில் ஒன்றாகிவிடுகிறது. அதற்கென்று தனிச் சாவி. தங்கையின் போன் ஒரே செய்தியை அக்கா போனுக்கு ஒரு பிரதி, என் கடைக்கு ஒரு பிரதி என்று தனித்தனியாகப் பூட்டி அனுப்பியிருக்கிறது. யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. முறைப்படிதான் வந்து சேர்ந்தது. மானிட்டரை என் பக்கம் திருப்பி, டீச்சர் கணக்கை லாக் அவுட் செய்தேன்.

மறுநாள் டீச்சர் வந்தார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. போனை நீட்டி, "வேற எங்கயாவது என் மெசேஜ் திறந்து கிடக்குதான்னு பாருங்க" என்றார். அவர் கணக்கு திறந்திருக்கும் கருவிகளைக் காட்டும் லிங்க்டு டிவைஸ் பட்டியல் காலியாக இருந்தது. காட்டினேன்.

"பையன் பரீட்சை முடிஞ்சதும் நானே சொல்லலாம்னு இருந்தேங்க. அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரியுது, எனக்குத் தெரியக்கூடாதா'ன்னு."

இப்போது வேலை முடிந்ததும் மவுஸை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து லாக் அவுட் செய்யச் சொல்கிறேன். பிரசங்கத்தை நிறுத்திவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: நடுவில் எத்தனை பூட்டு இருந்தாலும், செய்தி திறக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்து, டீச்சர் மறுபடி பிரிண்ட் எடுக்க வந்தார். க்யூஆர் கோடைத் திறந்து வைத்து, மவுஸையும் அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார்.