திரை இருண்டபோது யார் பார்த்தது?

"மணமேல்குடிப் பக்கத்துப் பொம்பள ஒருத்தி, செவுத்த ஒடச்சு வோட்டு மெஷினக் கடத்துறத செல்லுல படம் புடிச்சிட்டாளாம்!"

அறந்தாங்கியில் ஏறிய பூக்காரம்மா பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். கீரமங்கலம் மார்க்கெட்டில் யாரோ அவள் கொழுந்தனாரிடம் சொல்ல, கொழுந்தனார் இவளிடம் சொன்னாராம். பக்கத்து சீட்டில் இருந்த செல்வராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொம்பள நான்தான்க்கா. செவுரும் ஒடையல, கடத்தலும் இல்ல. டிவி அணைஞ்சு போச்சு, அதத்தான் எடுத்தேன்."

பூக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? அவளத் தூக்கி உள்ள வச்சுட்டாகன்னுல்ல சொன்னாக!"

"இனிமேத்தான் வைப்பாக போல. ஸ்டேஷனுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன்."

மணமேல்குடியில் தையல் கடை வைத்திருக்கும் செல்வராணியை ஊரில் பல பேருக்குப் பிடிக்காது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ரேஷன் கடையில் தராசு பூஜ்யம் காட்டாமல் அரிசியைக் கொட்ட விடமாட்டாள். பெட்ரோல் பங்கிலும் அப்படித்தான். "ஜீரோ அக்கா வந்துருச்சுடா" என்று பையன்கள் கத்துவார்கள். "ஆமாடா, ஒன் வீட்டு அரிசிக்கும் சேத்துத்தான் பாக்குறேன்" என்பாள்.

அந்தக் குணத்துக்காகவே, மீனவர் சங்கத்திலிருந்து தேர்தலில் சுயேச்சையாக நின்றவர் அவளைத் தன் ஏஜெண்டாகப் போட்டார். வாக்குப்பதிவு முடிந்ததும் மெஷின்களைப் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வைத்துப் பூட்டி, சீல் வைத்து, சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் போட்டார்கள். எண்ணுகிற நாள் வரைக்கும் வேட்பாளர்களின் ஆட்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்து, கேமரா காட்டுகிற கதவை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிய கட்சிகள் முறை வைத்து ஆள் அனுப்பின. சுயேச்சைக்கு இருந்தது செல்வராணி மட்டும்தான், அதுவும் பகலில். நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தபடியே பூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, பூட்டு என்ன எந்திரிச்சு ஓடவா போகுது? கண்ணு அவிஞ்சிரப் போகுது" என்று சீண்டுவான் ஆத்மநாதன். ஆவுடையார்கோவில்காரன், பெரிய கட்சி ஒன்றின் ஏஜெண்ட்.

"ஓடாதுன்னு தெரிஞ்சா ஒங்க கட்சி எதுக்குடா தம்பி ஒன்னைய இங்கிட்டு ஒக்கார வச்சுப் பிரியாணி வாங்கித் தருது?"

சித்திரை வெயில். தகரக் கூரை. ஒரு மத்தியானம் ஆத்மநாதன் வாடகைக்கு ஒரு ஏர் கூலரைக் கொண்டுவந்து இறக்கினான். கல்யாண மண்டபத்தில் வைப்பார்களே, அந்த சைஸ். பந்தலில் இருந்த பிளக்கையெல்லாம் சார்ஜர்கள் அடைத்துக்கொண்டிருந்தன. டிவிக்கும் கேமராவுக்கும் கரண்ட் போகிற பெட்டியில் மட்டும் ஓர் இடம் காலி. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒற்றுமையாகக் கைதட்ட, அதிலே செருகினான். கூலர் ஓர் உறுமல் உறுமியது. டப்பென்று திரை இருண்டது.

"அய்யய்யோ, கூலர் போச்சே!" என்றார் ஒருத்தர்.

"கதவு போச்சுய்யா!" என்று கத்திக்கொண்டே செல்வராணி தேர்தல் அதிகாரியின் அறைக்கு ஓடினாள். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். திரும்பி வந்து, இருண்ட டிவியை செல்லில் எடுத்தாள். "கேமரா தெரியல, ஆபீசர் யாரும் வரல, உள்ள மெஷினுக்கு யாரு காவல்னு தெரியல" என்று பேசி, சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டாள்.

ஒருவழியாக எலக்ட்ரீஷியன் வந்தார். படம் திரும்பியது. ஆனால் திரையின் மூலையில் எந்தக் காலத்துத் தேதியோ ஓடியது.

ஆத்மநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். "கேமராவுக்கு வயசு கொறஞ்சு போச்சு பாருங்கக்கா! அந்தத் தேதியில நான் பொறக்கவே இல்ல!"

செல்வராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்ட் அறுந்தால்தான் கேமராவின் கடிகாரம் இப்படிப் பழைய தேதிக்குப் போகும். அப்படியானால் அணைந்தது டிவி மட்டுமில்லை. கேமராவும் செத்துத்தான் பிழைத்திருக்கிறது. அவள் செல்லைத் தூக்குவதற்குள் தேதியைத் திருத்திவிட்டார்கள்.

அதிகாரி கை துடைத்துக்கொண்டே வந்தார். "டிவி லைன்தான்ம்மா டிரிப் ஆச்சு. கேமரா ஒரு நொடி கூட நிக்கல."

"அப்ப அந்த நேரத்து ரெக்கார்டைப் போட்டுக் காட்டுங்க சார்."

"கேக்குறவங்களுக்கெல்லாம் காட்ட முடியாது. அந்த மெஷின்ல நெட் கிடையாது, புளூடூத் கிடையாது. எவனும் ஹேக் பண்ண முடியாது. படிச்சிருந்தாப் புரியும்."

"நெட் இல்ல, சரி. ரூமுக்குக் கதவு இருக்குல்ல சார்? மெஷின மாத்திட்டாங்கன்னு நான் சொல்லல. மாத்தலன்னு எத வச்சுச் சொல்றீங்க? அந்த நேரத்துல யாரு பாத்தா? ஒரு கூலருக்கே அணைஞ்சு போற பாதுகாப்புக்கா இத்தன துப்பாக்கி?"

பந்தலில் இருந்தவர்கள் கூலரைச் செருக வேறு பிளக் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வீடியோ மட்டும் ஊர் ஊராகப் போனது. போன இடத்திலெல்லாம் ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். ஒருவன் லாரியைச் சேர்த்தான், ஒருவன் சுவரை இடித்தான். கடைசியில் வதந்தி பரப்பினாள் என்று புகார் வந்தது செல்வராணி மேல்தான்.

சிங்கப்பூரில் மகள் பிரகதீஸ்வரிக்குத் தலைப்பிரசவம். போவதற்குக் கேட்ட பாஸ்போர்ட், போலீஸ் விசாரணையோடு நிற்கிறது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் அது வராது. "எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கையில நீ மட்டும் எதுக்கும்மா முழிச்சுப் பாத்த?" என்று போனில் அழுதாள் மகள்.

பஸ் இறங்கிப் போன புதுக்கோட்டை ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "கேமராவும் நின்னுச்சுன்னு நீங்க ஒரு ஆள்தான் சொல்றீங்க. மத்த ஏஜெண்டுங்க எல்லாரும் டிவி மட்டுந்தான்னு சொல்லிட்டாங்க. ஆத்மநாதன் ஒருத்தர் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள அவர வந்து சொல்லச் சொல்லுங்கம்மா. இல்லாட்டி எஃப்.ஐ.ஆர். போடுறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

"கைதட்டுனவுகளா சார் அப்படிச் சொன்னாக?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

வெளியே புங்கமரத்து நிழலில் நின்றபோது உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு. கூலரைச் செருகியவன் வீட்டில் இருக்கிறான். சாப்பிடப் போனவர் ஆபீசில் இருக்கிறார். திரையைப் பார்த்தவள்தான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

ஆத்மநாதனுக்கு அடித்தாள். கட் பண்ணிவிட்டான். குரல் பதிவு அனுப்பினாள். "தம்பி, கூலர யாரு வச்சான்னு இதுவரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ பாத்துச் சிரிச்சியே அந்தத் தேதி, அத மட்டும் வந்து சொல்லுய்யா."

ரெண்டு டிக்கும் மைக் படமும் நீலமாயின. கேட்டுவிட்டான்.

மறுபடி அடித்தாள். இந்தத் தடவை கட் பண்ணவில்லை, எடுக்கவும் இல்லை. வெயில் மரத்தைத் தாண்டிக் காலில் ஏறியது. செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ரிங் போய்க்கொண்டே இருந்தது.