தலவாக்கலை இறக்கம்

மகள் படிக்க வெளிநாடு போன பிறகுதான் நானும் கணவரும் சைக்கிள் ஓடத் தொடங்கினோம். அவருக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் சர்க்கரை ஏறாமலிருக்க உடம்பை அசைக்க வேண்டுமென்று வைத்தியர் சொல்லியிருந்தார். தனியே போக அவருக்கு விருப்பமில்லை, அதனால் நானும் போனேன். விடியற்காலையில் வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை போய்வந்த நாங்கள், மெல்ல மெல்ல கொட்டாஞ்சேனைப் பல் வைத்தியர் ஒருவர் நடத்திய குழுவில் சேர்ந்துவிட்டோம்.

தை மாதத்தில் நுவரெலியாவுக்கு ஓடுவோம் என்று சொன்னது அந்தப் பல் வைத்தியர்தான். இரண்டு நாள் பயணம். அங்கே அந்த மாதத்தில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும் என்றார். கொழும்புப் புழுக்கத்தில் இருந்துகொண்டு கேட்டபோது அது ஆசையாக இருந்தது. புறக்கோட்டைக்குப் போய் மெல்லிய கையுறை ஒரு சோடி வாங்கினேன்.

முதல் நாள் வெயிலில் கித்துல்கல வரை போனோம். மறுநாள் ஹட்டனை நெருங்கும்போது தூறல் தொடங்கியது. காற்று ஊசியாகக் குத்தியது. என் கணவர் வேகமாக மிதிப்பவர். எனக்காக நிற்க வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். அவரும் முன்னால் போனவர்களோடு போய்விட்டார். எங்கள் பொதிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த வான், யாருடையதோ டயர் வெடித்ததால் கொட்டகலையில் நின்றுவிட்டது.

தலவாக்கலைக்கு இறங்கும் பாதையில்தான் என் விரல்கள் விறைத்துப்போனதை உணர்ந்தேன். பிரேக்கை அழுத்துகிறேன், அழுத்துகிறேனா என்றே தெரியவில்லை. எதிரே பஸ் ஒன்று வளைவில் திரும்பியது. எப்படியோ ஓரத்துப் புல்லில் ஏற்றிக் காலை ஊன்றி நின்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், பக்கத்துத் தேநீர்க் கடையின் முன் நின்றேன். நனைந்த கையுறையைக் கழற்றக்கூட என்னால் முடியவில்லை.

கடையில் இருந்த பெண் எழுந்து வந்தாள். கையுறையை அவளே உருவிவிட்டு, ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“சூடு பாத்துட்டேன் அம்மா. கைய உள்ள விடுங்க.”

விரல்களுக்கு உணர்வு திரும்பும்போது வலி தாங்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தேன். அப்போது என் கணவர் வந்தார். கீழே தலவாக்கலையில் காத்து நின்றிருக்கிறார். ஒவ்வொருவராக வர, நான் மட்டும் வராததால், இறங்கிய தூரமெல்லாம் திரும்ப மிதித்து ஏறி வந்திருக்கிறார். பேச மூச்சு இல்லை. என் முன்னால் குந்தி, தண்ணீரிலிருந்து என் கைகளை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தார். பிறகு இரண்டையும் தன் கக்கத்துக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். காலி வீதியில் என் கையைப் பிடித்து நடக்கவே கூச்சப்படும் மனிதர்.

“ஆக்கள் பாக்கினம்,” என்றேன்.

“பாக்கட்டும். வான் வரும், ஏறுறீரோ?”

“இல்லை. ஓடுவம்.”

“அப்ப நான் பின்னால வாறன்.”

தன் பையிலிருந்த காய்ந்த காலுறைகளை எடுத்து என் கைகளில் மாட்டிவிட்டார். கடைக்காரப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

தலவாக்கலையைத் தாண்டியதும் நானுஓயா வரை ஏற்றம். மூடுபனியில் முன்னால் எதுவும் தெரியவில்லை. பின்னால் அவருடைய மூச்சும் பேச்சும் மட்டும் கேட்டன. மாடிவீட்டு லிஃப்ட் அடிக்கடி நிற்பதைப் பற்றி, மகள் அங்கே புட்டு அவிக்கப் பழகியதைப் பற்றி, ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வதென்ற தன் பயத்தைப் பற்றி. அந்தப் பயத்தை அவர் அதுவரை என்னிடம் சொன்னதேயில்லை. நானும் எனக்குள்ள பயங்களைச் சொன்னேன். முகம் பார்க்காமல் கதைப்பது எங்கள் இருவருக்கும் லேசாக இருந்தது.

வெளிச்சம் மங்கும் நேரம் கடைசியாக நாங்கள் நுவரெலியா போய்ச் சேர்ந்தோம். விடுதி வாசலில் எல்லோரும் நின்று கைதட்டினார்கள். பல் வைத்தியர் ஓடிவந்து எங்கள் இருவருக்குமாக ஒரே கம்பளியைப் போர்த்திவிட்டார்.

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே புல்வெளி வெளுத்துக் கிடந்தது. கிட்டப்போய்ப் பார்க்கலாம் என்று அவரை எழுப்பினேன். ஆனால் இறங்கிய பாதையையும் திரும்ப ஏறி, நானுஓயா ஏற்றத்தையும் ஏறிய அவருடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன. ஒவ்வொரு படியாக அவரைப் பிடித்து இறக்கினேன். நாங்கள் வெளியே போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. மதில் நிழலில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பனி மிச்சமிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் வைத்தார், என்னையும் வரச்சொன்னார்.