ஐந்தாவது புத்தகத்தின் திருடன்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் வாசலில் அப்பா வாட்ச்மேனாக இருந்தார். ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போனபோது முதலில் அவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். விசாரணை கிடையாது. ஆதாரமும் இல்லை. சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு அவர் வந்து சேருமுன்பே செய்தி வந்திருந்தது. அதன்பின் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

நான் சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் அசெம்பிளி லைனில் வேலையில் இருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சிறுவர்களுக்கான துப்பறியும் கதைகள் எழுதுவேன். மூன்று பிள்ளைகள், ஒரு சைக்கிள், சுற்றுவட்டாரத்தில் நடக்கும் திருட்டுகள். சென்னையில் ஒற்றை அறையில் பதிப்பகம் நடத்திய பெரியவர் ஒருவர் அவற்றை வரிசையாகப் போட்டார். அட்டையில் அவரே வைத்த புனைபெயர். கதையும் பாத்திரங்களும் அந்தப் பெயரும் பதிப்பகத்துக்கே சொந்தம் என்ற தாளில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காவது புத்தகத்தில் அப்பாவை எழுதினேன். கம்பி காணாமல் போகிறது, வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அத்துடன் முடிகிறது. எடுத்தவர் மேனேஜர் என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பது ஐந்தாவதில். அப்பா நான்காவதை இரண்டே நாளில் படித்துவிட்டு, "அடுத்தது எப்பம்மா வரும்?" என்றார். அப்புறம் அடிக்கடி கேட்டார்.

ஐந்தாவதை எழுதிக் கொடுத்த சில வாரங்களில் பெரியவர் இறந்துபோனார். அவர் மகன் அந்த வரிசையை ஒரு பெரிய பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். புது அட்டையோடு ஐந்தும் வரப்போவதாகக் கேள்விப்பட்டு அந்தப் பெரிய பதிப்பகத்துக்குப் போன் செய்தேன்.

"உங்க பிரதி கிடைச்சுது மேடம். ஆனா ஸ்கூலுங்க வாங்குற புஸ்தகம். மேனேஜரே திருடன்னு குழந்தைங்களுக்கு எப்படிச் சொல்றது? வேற ஒரு எழுத்தாளரை வெச்சு முடிவை மாத்தி எழுதிட்டோம்."

"அப்ப யாரு திருடன்?"

"வாட்ச்மேன்தான். நாலாவதுலயே பிடிச்சாச்சே."

"இதை நான் எழுதலைன்னாவது போடுங்க சார்."

"உங்க பேரு எதுலயுமே இல்லையே மேடம்."

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் என் மகளுக்குப் பள்ளியில் ஐந்து புத்தகங்களையும் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அடுப்படியில் இருந்தபோது கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"தாத்தா, வாட்ச்மேன்தான் திருடன்! நான் மொதல்லயே கண்டுபுட்சிட்டேன்!"

தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியாது. அப்பா புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் படித்தார். "கெட்டிக்காரி" என்று அவள் தலையைத் தடவினார். பிறகு என்னிடம் வந்து, "கடைசில நீயும் அப்பிடித்தான் எய்திட்டியாம்மா?" என்றார்.

"நான் எழுதலப்பா. வேற யாரோ."

"அட்டையில அதே பேருதான கீது?"

பீரோவிலிருந்து நான் எழுதிய ஐந்தாவதின் கையெழுத்துப் பிரதியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். இரண்டு தாள் புரட்டினார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத்த யாரு படிக்கப் போறாங்க?"

கதையில் வரும் பிள்ளைகளின் பெயரை மாற்றி அதை வேறு இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அப்பா இப்போது புத்தகம் எதையும் கேட்பதில்லை. நான் சொன்னதை நம்பினாரா என்று கேட்க எனக்கும் தைரியமில்லை. அதே பெயரில் ஆறாவது வந்துவிட்டதாம். மகள் பிடிவாதம் பிடித்தாள், வாங்கிக் கொடுத்தேன்.