இரண்டே இரண்டு பிளேட்டு

செய்த குறும்புகளுக்கெல்லாம் தப்பித்துவிட்ட நான், செய்யாத ஒன்றுக்கு அடிவாங்கினேன். அடித்தவர் சித்தப்பா. மாட்டிவிட்டவள் என் அக்கா.

அப்பா இறந்தபின் திண்டுக்கல்லில் சித்தப்பா வீட்டில்தான் இருந்தோம். பள்ளி ஆண்டு விழாவில் அக்கா ஆடியதைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் சினிமாவுக்கு ஆடும் ஒரு குழுவில் பெண்களை எடுக்கிறார்களாம். விண்ணப்பத்தோடு, ஆடும் நிலையில் முழு உருவப் படம் வேண்டும். நாங்கள் படம் எடுக்கப் போன அன்றே சாயங்காலத் தபாலில் போனால்தான் கடைசித் தேதிக்குள் சேரும். பதினோராம் வகுப்பை முடிக்கட்டுமே என்று அம்மா ஒரு தடவை முனகிப் பார்த்தாள். அது அவர் காதில் ஏறவில்லை. அக்காவை யாரும் கேட்கவில்லை. நானும் சித்தப்பா கட்சிதான். அக்கா சினிமாவில் ஆடினால் வகுப்பில் என்னைக் கையில் பிடிக்க முடியுமா?

ஸ்டூடியோவுக்குக் கண்ணாடிக் கூரை. வெயில்தான் விளக்கு. அன்றைக்கென்று பார்த்து சிறுமலைப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக்கார ராவுத்தர் படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"பிளேட்டு ரெண்டுதான் கெடக்கு. வெளிச்சமும் கம்மி. நான் மூணு எண்ணுற வரைக்கும் மூச்சுகூட விடக் கூடாது தாயி."

அக்கா அரைமண்டியில் அமர்ந்து கைகளை விரித்தாள். சித்தப்பா கடிகாரத்தையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். சலங்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் சாமி கும்பிட்டேன். ராவுத்தர் கேமராவின் மூடியைக் கழற்றி மூன்று எண்ணி மூடினார்.

இருட்டறையிலிருந்து ஈரப் பிளேட்டோடு வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். உடம்பு தெளிவாக இருந்தது. கைகள் மட்டும் புகையாகக் கலைந்திருந்தன. இரண்டாவது பிளேட்டில் முகமும் போயிற்று.

"என்னடி ஆச்சு ஒனக்கு?" சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார்.

அக்கா தலை குனிந்துகொண்டு என்னைக் காட்டினாள். "இவதான் சித்தப்பா. எதிர்க்க ஒக்காந்து பழிப்புக் காட்டுனா. சிரிப்பு வந்துருச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது. வெளியே மழையும் விழத் தொடங்கியது. தபால் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்காவை அன்று அவ்வளவு வெறுத்தேன். அவள் ஒரு செம்பு நிறையத் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, என் எதிரே அரைமண்டியில் அமர்ந்தாள்.

"இப்பக் காட்டுடி. எம்புட்டு வேணாலும் பழிப்புக் காட்டு."

நாக்கை நீட்டினேன். கண்ணிமையை இழுத்துக் காட்டினேன். நாய்போலக் குரைத்தேன். நூறு வரை எண்ணினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. இமைகூட அசையவில்லை. எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

"இம்புட்டு நேரம் நிக்கத் தெரிஞ்சவளுக்கு மூணு எண்ணுற வரைக்கும் நிக்கத் தெரியலையா?" என்று கத்தினேன்.

அவள் சட்டென்று செம்பை இறக்கினாள். சித்தப்பாவின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு எட்டு வயது. அந்தக் கையைக் கடித்துவிட்டு ஓடினேன்.